நியூ ஜேர்சியா, ரெக்சாஸா? யாழ்ப்பாணத்திலிருந்து போகும் குடும்பத்துக்கு ஒரு மதிப்பீடு

"ரெக்சாஸுக்குப் போங்கோ, அங்கை வருமான வரியே இல்லை, வீடும் மலிவு, வெயிலும் எங்கட வெயில்தான்." "நியூ ஜேர்சிக்குப் போங்கோ, சனம் இருக்கு, ரயில் இருக்கு." அமெரிக்க விசா கிடைத்த எந்த யாழ்ப்பாண வீட்டுக்கும் இந்த இரண்டு புத்திமதியும் ஒரு கிழமைக்குள் தொலைபேசியில் வந்து சேரும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் வரியையும் வெயிலையும் பார்க்கமுன் வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களில் கார் ஓடாதவர் யார்? அவர் எத்தனை வருடம் ஓடாமல் இருக்கப்போகிறார்? ரியூசனுக்குப் பிள்ளைகள் சைக்கிளில் போய்வருகிற, காலையில் அம்மா கால்நடையாகக் கோயிலுக்குப் போய்ப் பூவும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஊர் இது. அந்த நடமாட்டத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் இந்த இரண்டு மாநிலங்களும் மிகத் தூரமாகப் பிரிகின்றன.

அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நியூ ஜேர்சி இலங்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குச் சுமார் 270 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம், அவ்வளவுதான். ரெக்சாஸ் இலங்கையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஹியூஸ்ரனிலிருந்து டலஸுக்குப் போவது இங்கிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். "எங்கட ஆக்களும் ரெக்சாஸிலைதான் இருக்கினம்" என்று யாரும் சொன்னால், எந்த நகரத்தில் என்று கேளுங்கள்.

வரிக்கு வருவோம். ரெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. 2019 இல் அரசியலமைப்பிலேயே அதைத் தடைசெய்துவிட்டார்கள். நியூ ஜேர்சியில் உண்டு, படிப்படியாக ஏறும். கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டும்போது முதல் 20,000 டொலருக்கு 1.4%, 50,000 வரை 1.75%, 70,000 வரை 2.45%, 80,000 வரை 3.5%, 150,000 வரை 5.525%. வரிக்குரிய வருமானம் 100,000 டொலர் என்றால் கட்ட வேண்டியது 2,750 டொலர். மாதத்துக்கு 230 டொலர் கூட வராது. இருவரும் நல்ல வேலையில் இருந்து வருமானம் 200,000 ஆனால் அது ஏறத்தாழ 8,700 ஆகிறது. ஆகவே "வரியில்லை" என்ற லாபம் உழைப்பு கூடியவர்களுக்குப் பெரிது, புதிதாய்ப் போய் இறங்குகிறவர்களுக்குச் சிறிது. விற்பனை வரியில் நிலைமை தலைகீழ்: ரெக்சாஸ் நகரங்களில் 8.25%, நியூ ஜேர்சியில் 6.625%, அங்கே உடுப்புக்கு வரியும் இல்லை. சமையல் சாமான்களுக்கு இரண்டிலும் வரி கிடையாது.

சோலை வரியில்தான் இரண்டு மாநிலங்களும் கை வைக்கின்றன. யாழ்ப்பாண மாநகரசபைக்குக் கட்டுகிற சோலை வரியை நினைத்துக்கொண்டு போனால் நெஞ்சு அடைக்கும். நியூ ஜேர்சியில் சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டணம் 2024 இல் 10,000 டொலரைத் தாண்டியது. நாட்டிலேயே இதுதான் கூட. ரெக்சாஸில் மாநிலச் சராசரியாகப் பார்த்தால் விகிதம் நியூ ஜேர்சியை விடக் குறைவுதான், ஆனால் புதிதாகக் கட்டிய புறநகர்களில் தண்ணீர், வடிகால் கடனுக்கென்று ஒரு தனிச் சபை வரி சேரும். அதை 'மட்' வரி என்பார்கள். அதோடு மொத்த விகிதம் 2.5 சதவீதத்துக்கும் மேலே போகும். ஹியூஸ்ரனின் புறநகரான கேட்டி பக்கம் 400,000 டொலர் வீடு ஒன்றுக்கு அந்த விகிதத்தில் 10,000. வீட்டு விளம்பரத்தில் இந்த வரி பெரும்பாலும் எடுப்பாகத் தெரியாது. விகிதத்தைத் தனியே கேட்டு எடுக்க வேண்டும். நியூ ஜேர்சியில் எடிசன் பக்கம் அதேபோன்ற 4 அறை வீட்டுக்கு 6 இலட்சத்தைத் தாண்டியே கேட்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீடு வாங்கும் விடயத்தில் ரெக்சாஸ் வெல்கிறது. ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு வெல்லவில்லை.

ரெக்சாஸில் வீடு வாங்கினால் இரண்டு வேலை பிந்தாமல் செய்ய வேண்டும். ஒன்று, குடியிருப்பு வீட்டு விலக்குக்கு மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிப்பது. பாடசாலை வரிக்காக வீட்டுப் பெறுமதியில் 140,000 டொலரைக் கழிப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 200,000. இது தானாக வராது. லைசென்ஸில் உள்ள முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். பலருக்கு முதல் வருடம் தவறிப்போவது இந்த இடத்தில்தான்: வீடு வாங்கியாயிற்று, லைசென்ஸில் பழைய அப்பார்ட்மென்ற் முகவரியே கிடக்கிறது. மற்றது, ஒவ்வொரு வசந்தத்திலும் வரும் மதிப்பீட்டுக் கடிதத்தை எதிர்த்து மே 15க்குள் முறையிடுவது. அயலில் விலைப்பட்ட இதே அளவு வீடுகளின் விபரமும், வெடிப்பு, ஒழுக்கு இருந்தால் படமும் வைத்தால் குறைக்கிறார்கள். விலக்கு எடுத்த வீட்டுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் மதிப்பீடு 10 சதவீதத்துக்கு மேல் ஏறவும் முடியாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது இரண்டிடத்திலும் பார்க்க வேண்டியவை வேறு வேறு. ரெக்சாஸின் பல பகுதிகளில் மண் களிமண். மழையில் ஊதும், வரட்சியில் சுருங்கும். வீடு நிலத்தோடு ஒட்டிய கொங்கிறீற் தட்டில் நிற்பதால் மண் அசைய வீடும் அசையும். கதவு மேற்பக்கம் உரசுகிறதா, யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா, செங்கல் வரியில் படிக்கட்டுப்போல விரிசலா என்று பாருங்கள். வரட்சிக் காலத்தில் வீட்டைச் சுற்றிக் கசியும் குழாய் போட்டு அத்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிற வழக்கம் அங்கே உண்டு. சுண்ணக்கல்லில் வீடு கட்டிப் பழகிய நமக்கு இது நம்பக் கடினம், ஆனால் விட்டால் திருத்தச் செலவு பல ஆயிரம் டொலர். அடுத்தது கூரை. ஆலங்கட்டி மழை கூரையைத் துளைக்கும். காப்புறுதிப் பத்திரத்தில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நீங்கள் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகை வீட்டுப் பெறுமதியின் 1% அல்லது 2% என்று இருக்கும். 400,000 டொலர் வீட்டுக்கு 2% என்றால் 8,000 டொலர் உங்கள் கையிலிருந்து. கையெழுத்து வைக்குமுன் அந்தப் பந்தியை வாசியுங்கள்.

நியூ ஜேர்சியின் வீடுகள் பழையவை. முற்காலத்தில் சூடாக்க எண்ணெய் ஊற்றிவைத்த இரும்புத் தொட்டிகள் முற்றத்துக்குக் கீழே புதைந்து கிடக்கும். ஒழுகியிருந்தால் மண்ணை அள்ளிச் சுத்தம் செய்யும் பொறுப்பு வாங்கியவர் தலையில். வாங்குமுன் உலோகம் தேடும் கருவியால் வளவைச் சோதிக்க ஆள் பிடியுங்கள், அந்தச் செலவு சில நூறு டொலர்தான். பேஸ்மன்றில் (நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில்) மண்ணிலிருந்து கசியும் ரேடன் என்ற கதிர்வீச்சு வாயுவை அளந்ததா, தண்ணீர் இறைக்கும் பம்ப் வேலை செய்கிறதா, 1978க்கு முந்திய வீடென்றால் ஈயப் பெயின்ற் இருக்கிறதா என்பவையும் கேட்க வேண்டியவை.

புதிதாகப் போகிறவர்கள் மலிவென்று பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்பதும் வழக்கம். 2021 செப்ரெம்பர் 1 இரவு 'ஐடா' புயலின் மிச்சம் கொட்டிய மழையில் நியூ ஜேர்சியில் சுமார் 30 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் காருக்குள். அயலிலுள்ள நியூயோர்க்கில் பேஸ்மன்றுக்குள் அகப்பட்டே பலர் போனார்கள். ஆள் ஏறி வெளியே வரக்கூடிய யன்னலோ இரண்டாவது வாசலோ இல்லாத பேஸ்மன்றை எந்த வாடகைக்கும் எடுக்காதீர்கள்.

ரெக்சாஸின் ஆபத்து கரண்டில். அந்த மாநிலத்தின் பெரும்பகுதி தனி மின்வலையில் ஓடுகிறது, வெளியிலிருந்து மின்சாரம் வாங்க வழி குறைவு. 2021 பெப்ரவரியில் உறைபனி பல நாள் நின்றபோது 45 இலட்சம் வீடுகளுக்கு மேல் இருளில் கிடந்தன, மாநிலக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்குக் கரண்ட் இல்லாத வாழ்க்கை புதிதில்லை. ஆனால் நம் வீடு காற்றோட்டமானது, அந்த வீடு பெட்டிபோல மூடிய வீடு. கரி அடுப்பையோ ஜெனரேற்றரையோ உள்ளே வைத்தால், கராஜுக்குள் வைத்தால்கூட, மணமில்லாத கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். அந்தக் கிழமையிலும் அப்படி இறந்தவர்கள் உண்டு. உறைபனி எச்சரிக்கை வந்தால் வெளிக் குழாய்களை மூடிக் கட்டுங்கள், உள்ளே குழாய்களைச் சொட்டுச் சொட்டாக ஓட விடுங்கள், தண்ணீர்ப் பிரதான வால்வு எங்கே என்று முதல் நாளே தேடி வையுங்கள். வெள்ளம் வேறு. 2017 ஒகஸ்ற்றில் 'ஹார்வி' ஹியூஸ்ரன் பக்கம் ஒரு மீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது வெள்ள வலயத்துக்கு வெளியே என்று குறித்த பல வீடுகளும் மூழ்கின. சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளத்துக்குக் காசு தராது. அரசின் வெள்ளக் காப்புறுதியைத் தனியே எடுக்க வேண்டும், எடுத்தும் பெரும்பாலும் 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் செய்தி கேட்டபின் எடுத்துப் பயனில்லை.

ஹியூஸ்ரன், டலஸ் பக்கம் மின்சாரக் கொம்பனியை நீங்களே தெரிவு செய்ய வேண்டும் (ஒஸ்ரினிலும் சான் அன்ரோனியோவிலும் நகரசபைதான்). 1,000 யூனிற் பாவிப்புக்கு மிக மலிவாகக் காட்டும் திட்டங்களில் பெரும்பாலும் ஒரு பொறி உண்டு: 1,000 ஐத் தொட்டால்தான் கழிவு. 980 யூனிற்றில் நின்ற மாதம் கட்டணம் ஏறிவிடும். 500, 1,000, 2,000 மூன்றுக்கும் விலையைப் பார்த்து, 12 மாத நிலையான விலையில் எடுங்கள். ஒப்பந்தம் யூலை, ஒகஸ்ற்றில் முடியாதபடி பாருங்கள். முடிந்தபின் புதுப்பிக்க மறந்தால் மாதத்துக்கு மாதம் மாறும் விலைக்குப் போய்விடும்.

இனி முதல் கேள்வி. நியூ ஜேர்சியில் கார் இல்லாமல் வாழக்கூடிய இடங்கள் உண்மையில் இருக்கின்றன. மாநிலம் முழுவதும் அப்படியில்லை. எடிசனில்கூட ரயில் நிலையத்திலிருந்து 4 கிலோமீற்றர் தள்ளி வீடெடுத்தால் கார் வேண்டும். ஆனால் ஜேர்சி சிற்றியில் ஜேர்னல் சதுக்கத்தைச் சுற்றி எடுத்தால், நியூவாக் அவனியூவில் இந்தியக் கடைகள் நடக்கிற தூரம், மன்ஹட்டனுக்குப் போகும் 'பாத்' ரயில் 24 மணி நேரமும் ஓடுகிறது. மெட்ரோபார்க், மெற்றச்சன், எடிசன் நிலையங்களுக்கு அருகே எடுத்தால் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நியூயோர்க். ரயில் தாமதமாகும், கோடை வெக்கையில் மேல்வயர் பழுதாகும், 2025 மேயில் சாரதிகளின் வேலைநிறுத்தத்தால் மூன்று நாள் நின்றும் போனது. இருந்தாலும் ஓடாதவர் வீட்டுக்குள் அடைபடுவதில்லை. ரெக்சாஸில் அடைபடுவார். டலஸிலும் ஹியூஸ்ரனிலும் ரயில் இருந்தாலும் நம்மவர் வீடு வாங்கும் புறநகர்களுக்கு அது உதவுவது குறைவு. டலஸுக்கும் போட் வேர்த்துக்கும் நடுவில் சுமார் நான்கு இலட்சம் பேர் வாழும் ஆர்லிங்டனில் வழமையான பஸ் சேவையே இல்லை, கூப்பிட்டால் வரும் சிறு வான்தான். நடைபாதை இருந்தாலும் கடை நடக்கும் தூரத்தில் இராது, ஒகஸ்ற் வெயிலில் நடக்கவும் முடியாது.

அதனால் ரெக்சாஸ் என்றால் ஆளுக்கொரு கார் என்று கணக்குப் போடுங்கள். இலங்கை லைசென்ஸைக் காட்டினாலும் எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எழுத வேண்டும். குடியேறி 90 நாளுக்குள் ரெக்சாஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டும், நியூ ஜேர்சியில் 60 நாள். இடப்பக்கம் ஓடிப் பழகியவர்களுக்கு மிகவும் இடறுவது இடப்பக்கம் திரும்புவதுதான், எதிரே வரும் வரிசையைக் குறுக்கறுக்க வேண்டும். அமெரிக்காவில் ஓடிய வரலாறு இல்லாததால் முதல் வருடக் காப்புறுதி இரண்டிடத்திலும் கடுமையாக இருக்கும். நியூ ஜேர்சியில் ஒரு சிறிய ஆறுதல்: பெற்றோலை நீங்கள் அடிக்கக்கூடாது, 1949 இலிருந்து சட்டம் அப்படி. நம் ஊர் செற்றில் போல ஆள் வந்து அடிப்பார்.

பிள்ளைப்பேறு பார்க்க இங்கிருந்து அம்மாவைக் கூப்பிடுவது நம் வழமை. நியூ ஜேர்சியில் வேலை செய்யும் தாய்க்குப் பிள்ளைப்பேற்றுக்கு 4 கிழமை முன்னும் 6 கிழமை பின்னும் (வெட்டியெடுத்தால் 8) மாநிலத் திட்டத்தில் சம்பளத்தில் 85% ஒரு உச்சவரம்புக்குள் கிடைக்கும். அதன்பின் பிள்ளையோடு இருக்க 12 கிழமை, தகப்பனுக்கும் 12 கிழமை. இதற்குச் சம்பளத்தில் சிறு தொகை பிடிப்பார்கள். ரெக்சாஸில் இப்படியொரு மாநிலத் திட்டம் இல்லை; கொம்பனி தந்தால் உண்டு. கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒன்றே 2,750 டொலர் வரியை விடப் பெரிது.

வயதானவர்களின் வைத்தியம் இரண்டிலும் கடினம். பெரியாஸ்பத்திரியில் துண்டு எடுத்து இலவசமாக மருந்து வாங்கிப் பழகிய அப்பா, பச்சை அட்டையோடு 5 வருடம் தொடர்ந்து இருந்து 65 வயதும் ஆனபின்தான் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயாரைக் காசு கட்டி வாங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிக்கெயிட்டை நியூ ஜேர்சி விரிவாக்கியது, ரெக்சாஸ் விரிவாக்கவில்லை. 65 வயதாகாத, பிள்ளையில்லாத, கர்ப்பமாக இல்லாத, அங்கவீனமில்லாத ஒருவர் ரெக்சாஸில் எவ்வளவு வறியவராக இருந்தாலும் அது கிடையாது. நாட்டிலேயே காப்புறுதி இல்லாதோர் விகிதம் கூடிய மாநிலம் அது. சுற்றுலா விசாவில் பெற்றோரைக் கூப்பிட்டால், பயணக் காப்புறுதியில் ஏற்கெனவே உள்ள சலரோகம், பிரஷர் போன்றவற்றைப் பற்றிய பந்தியை வாசித்துவிட்டே வாங்குங்கள்; மலிவான திட்டங்கள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு சிறு தொகையோடு நின்றுவிடும்.

முதல் வேலையும் இங்கே முக்கியம். 2025 இல் நியூ ஜேர்சியின் ஆகக் குறைந்த மணிச் சம்பளம் 15.49 டொலர். ரெக்சாஸில் 2009 இலிருந்து அசையாத 7.25 தான் சட்டம். நகரங்களில் கூடக் கொடுப்பார்கள், ஆனால் கேட்கச் சட்டத்தில் பிடி இல்லை. நியூ ஜேர்சியில் 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரச் சம்பளத்தோடான சுகயீன விடுப்பும் சட்டப்படி சேரும்.

படிப்பில் நியூ ஜேர்சியின் எடிசன், வெஸ்ற் வின்ட்சர், ரெக்சாஸில் டலஸ் பக்கத்துப் பிளேனோ, ஃபிரிஸ்கோ எல்லாமே நல்லவை, போட்டியும் கடுமை. பல்கலைக்கழகத்தில் ரெக்சாஸுக்கு ஒரு நேர்ப் பாதை உண்டு: பாடசாலையில் முதல் 10 சதவீதத்தில் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி, ஒஸ்ரின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் இறுக்கம். இசட் புள்ளிக் கணக்கில் பழகிய நமக்கு உடனே விளங்கும் முறை இது. ஆனால் பிளேனோவில் முதல் 10 சதவீதம் என்பது யாழ்ப்பாணத்தில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி போல. மாநிலத்தவர் கட்டணமும் ஒஸ்ரினில் குறைவு, நியூ ஜேர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடுதல். பதிலுக்கு நியூ ஜேர்சியில் முதல் 15 சதவீதத்தில் வந்த பிள்ளைக்கு மாவட்டக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் இல்லை.

துவக்கு விடயம் சுருக்கமாக: ரெக்சாஸில் 2021 செப்ரெம்பரிலிருந்து அனுமதியின்றியே கைத்துவக்கு வைத்துத் திரியலாம். நியூ ஜேர்சிச் சட்டம் நாட்டில் மிக இறுக்கமானவற்றில் ஒன்று. துவக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சின்ன விடயமில்லை.

யாருமே கணக்கில் சேர்க்காத ஒன்று ரொறன்ரோ. நம்மில் பெரும்பாலானோருக்கு ஸ்காபரோவில் ஒரு மச்சாளோ சித்தப்பாவோ இருப்பார். எடிசனிலிருந்து சுமார் 800 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை இரவு வெளிக்கிட்டால் விடிய அங்கே. கலியாணம், செத்தவீடு, சாமத்தியவீடு எதையும் தவறவிடத் தேவையில்லை, திரும்பும்போது ஒடியல் மாவும் வறுத்த மிளகாய்த்தூளும் காரில் வரும். ஹியூஸ்ரனிலிருந்து ஒவ்வொரு தரமும் விமானம், நான்கு பேருக்கு நான்கு ரிக்கற். பச்சை அட்டையும் செல்லுபடியான கடவுச்சீட்டும் இருந்தால் 2022 இலிருந்து கனடா விசா தேவையில்லை. மாணவர், வேலை விசாக்காரர் மட்டும் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

கோயிலுக்குப் பஞ்சமில்லை. ஹியூஸ்ரனுக்குத் தெற்கே பியர்லாந்தில் மீனாட்சி கோயில். நியூ ஜேர்சியில் பிறிஜ்வோட்டர் வெங்கடேசுவரர், ஆற்றைக் கடந்தால் நியூயோர்க்கின் குயீன்ஸ் ஃபிளஷிங்கில் 1977 இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார், முருகனைத் தேடினால் வாஷிங்டன் பக்கம் லான்ஹமில், 300 கிலோமீற்றர். முருங்கை மட்டும் ரெக்சாஸ் பக்கம் நிற்கிறது: ஹியூஸ்ரனில் நிலத்திலேயே வளரும், உறைபனியில் பட்டாலும் அடியிலிருந்து துளிர்க்கும். நியூ ஜேர்சியில் அது சாடியில், ஒக்ரோபரில் உள்ளே. பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள், விமான நிலையத்தில் பறிப்பார்கள்.

இருவரும் கார் ஓடி, கையில் வேலையும் இருந்து, பெற்றோர் ஊரிலேயே இருக்கப்போகிறார்கள் என்றால் ரெக்சாஸ். ஒருவர் உழைப்பில் தொடங்கும் குடும்பம், கைக்குழந்தை, கூட வரும் அம்மா என்றால் முதல் சில வருடங்களுக்கு நியூ ஜேர்சி, வீடு சிறிதானாலும். 12 மாத வாடகை ஒப்பந்தத்தில் இடையில் முறித்தால் எத்தனை மாத வாடகை கட்ட வேண்டும் என்ற பந்தியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். முன்கூட்டிப் போய்ப் பார்க்க வசதியிருந்தால் நியூ ஜேர்சியைப் பெப்ரவரியில் பாருங்கள், ரெக்சாஸை ஒகஸ்ற்றில். அங்கே மத்தியானம் 2 மணிக்குக் காரை எடுக்காமல், நீங்கள் எடுக்க நினைக்கும் வீட்டு வாசலிலிருந்து ஆகக் கிட்டவுள்ள மரக்கறிக் கடைக்கு அம்மாவோடு நடந்துபோய் வாருங்கள்.